மணலில் எழுதிப் பழகிய ஜெர்மானியர்: தரங்கம்பாடி இல்லத்திற்கு ஒரு களப்பயணம்

எட்டாம் வகுப்பில் 'ஐரோப்பியர்களின் வருகை' பாடத்தை நடத்தும்போது போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், டேனியர், பிரெஞ்சுக்காரர் என்று வரிசையாகச் சொல்லி முடிப்போம். "அப்போ ஜெர்மன்காரங்க வரலையா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். கேள்வி நியாயமானது. எம்டன் என்ற சொல் இன்னமும் நம் பேச்சில் இருக்கிறது. 1914 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் அது. ஆனால் ஜெர்மானியர் தமிழகத்தில் எந்த இடத்தையும் ஆளவில்லை. ஒன்றுபட்ட ஜெர்மனி என்ற நாடே 1871இல்தான் உருவானது. அப்படியிருந்தும் 18ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தைப் பற்றி எழுதப்பட்ட மிக விரிவான ஐரோப்பியக் குறிப்புகளில் பெரும்பகுதி ஜெர்மன் மொழியில்தான் இருக்கிறது. அந்தக் குறிப்புகள் பிறந்த இடம் நமக்குப் பக்கத்தில்தான். சிதம்பரத்திலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து, சீர்காழி வழியாகப் போனால் ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் தரங்கம்பாடி.

அங்கே சீகன்பால்கு இல்லம் என்று அறியப்படும் பழைய வீடு ஒன்று பழுது பார்க்கப்பட்டு, 2017 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஜெர்மனியின் ஹாலே நகரில் உள்ள பிராங்கே நிறுவனங்கள் இந்தப் பணியில் முன்னின்றன. பண்பாடுகளுக்கு இடையிலான உரையாடல் என்பதே அருங்காட்சியகத்தின் கருப்பொருள். கடலூர், சிதம்பரம் பகுதிப் பள்ளிகள் தரங்கம்பாடிக்குச் சுற்றுலா போவது புதிதல்ல. பெரும்பாலும் பேருந்து கோட்டை வாசலில் நிற்கும், பிள்ளைகள் கோட்டையைச் சுற்றுவார்கள், கடற்கரையில் புளிசாதம், மாலையில் பூம்புகார். இந்த வீட்டுப் பக்கம் நாம் போவதில்லை. போனாலும், 'அவர் இங்கே வாழ்ந்தார், அச்சகம் கொண்டு வந்தார்' என்ற இரண்டு வரியோடு வெளியே வந்துவிடுகிறோம்.

வீட்டை ஒரு பெரிய மனிதரின் நினைவிடமாக மட்டும் காட்டினால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது ஒரு பெயரும் இரண்டு ஆண்டுகளும்தான். அந்த மனிதர் தமிழை யாரிடம் கற்றார், எப்படிக் கற்றார் என்று கேட்டால் பாடம் வேறு திசையில் போகிறது. அதில் நம் திண்ணைப் பள்ளிக்கூடமும் வாத்தியாரும் வருகிறார்கள். ஆசிரியர்களான நமக்கு இந்தத் திசைதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

புறப்படும் முன் வகுப்பில் பேச வேண்டியவை

முதலில், யாருடைய ஊர் அது? கடலோரத்தில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில் பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரன் காலத்தைச் சேர்ந்தது. அங்குள்ள 14ஆம் நூற்றாண்டின் தொடக்கக் காலக் கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிப்பிடுகிறது. டேனியர் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே அது வணிகம் நடந்த துறைமுக ஊர். இதைச் சொல்லாமல் 1620இல் தொடங்கினால், வெள்ளைக்காரர் வந்து வெறும் மணல்மேட்டில் ஊரை உண்டாக்கினார்கள் என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்வார்கள்.

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் அரசருக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. டேனியக் கப்பல் தலைவர் ஓவே கெட்டே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். வணிகத்திற்கு வந்தவர்கள் மிளகோடும் துணியோடும் நிற்கவில்லை. பஞ்ச காலங்களில் மனிதர்களையும் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார்கள். பாடநூலில் இல்லாவிட்டாலும் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் இதை மறைக்க வேண்டியதில்லை. 1845இல் டேனியர் தங்கள் இந்தியக் குடியிருப்புகளைப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஊரை, அதில் வாழும் மக்களோடு, இன்னொரு நாட்டிற்கு விற்பது எப்படி முடிந்தது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்விக்கே ஒரு பாடவேளை போதாது.

இரண்டாவது, டேனியர் ஊருக்கு ஜெர்மானியர் எப்படி வந்தார்? டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் தன் குடியேற்றத்திற்குச் சமயப் பணியாளர்களை அனுப்ப விரும்பினார். சொந்த நாட்டில் தகுந்த ஆட்கள் கிடைக்கவில்லை. ஹாலே நகரத்துக் கல்வி நிறுவனங்களோடு தொடர்புடைய இரண்டு இளைஞர்கள் கிடைத்தார்கள்: பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளூட்சோ. 1706 ஜூலை 9 அன்று அவர்களின் கப்பல் தரங்கம்பாடியை அடைந்தது. சாக்சனி நாட்டில் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் 1682இல் பிறந்த சீகன்பால்குவுக்கு அப்போது வயது 24தான். நம் பள்ளிக்குப் புதிதாகப் பணியேற்று வரும் இளம் ஆசிரியரின் வயது என்று வைத்துக்கொள்ளலாம்.

கடலூர்ப் பிள்ளைகளுக்குச் சொந்த ஊர்த் தொடர்பையும் இங்கே சொல்லலாம். 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களெல்லாம் சேர்த்தி என்பது ஒப்பந்தம். அந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. அந்தப் புனித டேவிட் கோட்டையின் நிழலில் 1737இல் சர்டோரியஸ், கைஸ்டர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் மிஷன் தொடங்கினார்கள். 1740இல் வந்த கியர்நாண்டர் சுவீடன் நாட்டவர். ஆனால் அவரும் ஹாலேயில் படித்தவர். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். கியர்நாண்டர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். 1783இல் கடலூரில் பிரெஞ்சுக்காரரோடு ஆங்கிலேயர் மோதியபோது, அவர்கள் பக்கம் ஹானோவர் நாட்டு ஜெர்மன் படைப்பிரிவினரும் போரிட்டார்கள். இங்கிலாந்து அரசரே ஹானோவரின் ஆட்சியாளராகவும் இருந்ததுதான் காரணம். நம் ஊரில் ஜெர்மானியர் குடியிருந்த சுவடு அநேகமாக அழிந்துவிட்டது. தரங்கம்பாடியில் ஒரு வீடு நிற்கிறது. களப்பயணத்தின் தேவையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

வாத்தியார் வீட்டுக்கு வந்தார்

வீட்டிற்குள் போனதும் பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். உள்ளே உட்கார அனுமதி கிடைக்காவிட்டால் வெளியே நிழலில் உட்காரலாம்.

சீகன்பால்கு வந்தபோது தரங்கம்பாடி ஐரோப்பியர்களுக்குப் போர்ச்சுக்கீசிய மொழியே போதுமானதாக இருந்தது. துறைமுகத் துபாஷிகளும் அதைப் பேசினார்கள். தமிழ் கற்க இலக்கணப் புத்தகம் கையில் இல்லை, அகராதி இல்லை. அவர் ஊரிலிருந்த முதிய வாத்தியார் ஒருவரைத் தேடிப் பிடித்து, பள்ளிக்கூடத்தைத் தம் இருப்பிடத்திலேயே நடத்தச் சம்மதிக்க வைத்தார். பிள்ளைகள் வந்தார்கள். அவர்களோடு சேர்ந்து இரண்டு ஐரோப்பியரும் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார்கள். பல்கலைக்கழக வாசலை மிதித்தவர்கள், ஐந்து வயதுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து 'அ' போட்டார்கள். இதை என் வகுப்பில் சொன்னபோது ஒரு பையன் கேட்டான்: "தப்பா எழுதினா வாத்தியார் அவரையும் அடிச்சிருப்பாரா?" வகுப்பே சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பில் அவர்களுக்கு ஒன்று புரிந்துவிட்டது. அந்த அறையில் தெரிந்தவர் வாத்தியார், தெரியாதவர் வெள்ளைக்காரர்.

எழுத்து தெரிந்தால் போதாதே, பொருள் தெரிய வேண்டும். வாத்தியாருக்கு ஐரோப்பிய மொழி தெரியாது. அதற்கு அழகப்பன் என்ற துபாஷி வந்தார். ஐரோப்பிய ஏடுகளில் இவர் பெயர் 'அலெப்பா' என்று காணப்படும். டேனிய நிறுவனத்திற்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். போர்ச்சுக்கீசியம், டேனிஷ், டச்சு எனப் பல மொழிகள் அறிந்தவர். மிஷனுக்கு உதவியது கோட்டைத் தளபதிக்குப் பிடிக்காமல் போய், ஊரைவிட்டே வெளியேற்றப்பட்டார். பிற்காலத்தில், 1712 முதல் 1714 வரை, சீகன்பால்குவும் உடன் பணியாற்றிய கிரண்ட்லரும் தமிழர்களிடம் எழுத்தில் கேள்விகள் கேட்டு, பதில்களை ஜெர்மனில் மொழிபெயர்த்து ஹாலேக்கு அனுப்பினார்கள். அந்தப் பதில்களில் பலவற்றின் பின்னால் அழகப்பனின் கை உண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவற்றில் ஐரோப்பியரின் குடிப்பழக்கமும் தூய்மைக் குறைவும் வெளிப்படையாகவே இடித்துரைக்கப்படுகின்றன. ஐரோப்பியரைப் பற்றித் தமிழர் என்ன நினைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள நமக்கு அதிகம் ஆவணங்கள் இல்லை. இருப்பவற்றில் இவை அருமையானவை. இவை அச்சில் ஏறியது ஜெர்மனியில்.

அந்தத் திண்ணைப் பள்ளியில் என்ன கற்பித்தார்கள் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1708இல் சீகன்பால்கு ஜெர்மனில் மொழிபெயர்த்த மூன்று தமிழ் நூல்கள்: நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி. கொன்றைவேந்தனும் உலகநீதியும் நம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் மனப்பாடம் செய்பவை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதே கடற்கரையில் பிள்ளைகள் உரக்கச் சொன்னதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டார் ஒருவர். ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு போனால், அங்கே நின்று கொன்றைவேந்தனை ஒருமுறை சேர்ந்து சொல்லச் சொல்லுங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

அதே 1708இல் தாம் சேர்த்த தமிழ் நூல்களுக்கு அவர் ஓர் அட்டவணை எழுதினார். அதில் 119 தமிழ் நூல்கள் குறிப்பிடப்படுகின்றன. தம்மிடம் வேலை பார்த்த எழுத்தர்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பி ஓலைச்சுவடிகளை வாங்கிவரச் செய்தார். கணவனை இழந்த பிராமணப் பெண்களிடமிருந்து குறைந்த விலைக்குச் சுவடிகள் கிடைத்தன என்று அவரே எழுதியிருக்கிறார். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். ஏன் விற்றார்கள்? வீட்டில் படிக்க யாரும் இல்லாமலா, வறுமையாலா? நம் வீட்டுப் பரணில் கிடந்த சுவடிகள் என்ன ஆயின? ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட கதைகள் நம் தாத்தா பாட்டிகளிடம் இன்னும் இருக்கின்றன. தரங்கம்பாடியில் எழுதப்பட்ட ஏடுகளும் கடிதங்களும் ஹாலேயில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

அவர் எல்லாவற்றையும் வியந்து ஏற்றுக்கொண்டவர் அல்லர். மதம் மாற்ற வந்தவர். கோயில் வழிபாட்டைக் கடுமையாகக் கண்டித்தும் எழுதினார். ஆனால் 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலை ஹாலேயில் அச்சிட மறுத்துவிட்டார்கள். அந்தச் சமயத்தை ஒழிக்க அனுப்பினால் அதை ஐரோப்பாவில் பரப்பப் பார்க்கிறார் என்பது அங்கிருந்தவர்களின் எண்ணம். நூல் 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. டேனியத் தளபதியோடு ஏற்பட்ட மோதலில் 1708-1709இல் சுமார் நான்கு மாதம் டான்ஸ்போர்க் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். கோட்டையைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம். சொந்த ஆட்சியாளர்களோடும் அவர் ஒத்துப்போகவில்லை என்பது தெரியட்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அவர் காலத்தில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கப்பட்டது. 1716இல் ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் பயிற்றுவிக்க ஒரு பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. நம் தொழிலின் வரலாற்றில் இது குறிக்க வேண்டிய ஆண்டு. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் அந்த மிஷனின் தேவாலயத்திலேயே சாதிவாரியாக இடம் பிரிந்திருந்தது. கற்றுக் கொடுத்த வாத்தியார் யார் வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்தார், யார் வீட்டுப் பிள்ளைகள் திண்ணைக்குக் கீழே நின்றார்கள் என்ற கேள்வியும் கூடவே வர வேண்டும். வாத்தியாரைப் பெருமைப்படுத்தும் வேகத்தில் இதை விட்டுவிடக் கூடாது.

அச்சைப் பற்றி ஒரு திருத்தம்

'தமிழில் முதல் அச்சு தரங்கம்பாடியில்' என்று வினாடி வினாக்களில் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. 1554இல் லிஸ்பனில் தமிழ் ஒலிகளை ரோமன் எழுத்தில் அச்சிட்ட நூல் வந்தது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. தரங்கம்பாடியின் சிறப்பு வேறு: தொடர்ந்து, பல ஆண்டுகள் இயங்கிய அச்சகம்.

லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட அச்சுப்பொறி வந்த கப்பலைப் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். மீட்டுக் கொண்டுவரப்பட்டபோது உடன் வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோயிருந்தார். 1713இல் ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. அவை அளவில் பெரியவை, தாளைத் தின்றன. எனவே பக்கத்து ஊரான பொறையாரில் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்கள் என்று சொல்லப்படுவதைப் பிள்ளைகள் ஒருபோதும் மறக்க மாட்டார்கள். பொறையாரில் காகிதப் பட்டறையும் அமைந்தது. 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி முடிந்தது. 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில், சீகன்பால்கு இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு கட்டி முடித்த புதிய எருசலேம் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அச்சகம் நிற்கவில்லை. அவர்களின் சமயப் பிரிவைக் கடுமையாக எதிர்த்து எழுதிய வீரமாமுனிவரின் தமிழ் இலக்கண நூல் 1738இல் அந்த அச்சகத்திலேயே அச்சானது! புலமைக்குள் பகை தலையிடாத அபூர்வமான நேரம் அது.

தமிழாசிரியரோடு சேர்ந்து ஒரு செயல்பாடு செய்யலாம். ஈய எழுத்தால் தமிழை அச்சிட எத்தனை தனி அச்சுகள் வேண்டும்? 247 என்று உடனே சொல்வார்கள். ஆனால் துணைக்காலையும் கொம்பையும் தனியாக வார்த்தால் எண்ணிக்கை குறையும். கு, கூ வரிசைகளுக்குத் தனித்தனி வேண்டும். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் ணா, றா, னா, லை, ளை போன்றவை ஒட்டிய வடிவங்களாக இருந்ததைக் காட்டிவிட்டு மறுபடி எண்ணச் சொல்லுங்கள். ஒரு பாடவேளைக்குள் மொழி, கணக்கு, வரலாறு மூன்றும் வந்துவிடும்.

சுவர் கற்பிக்கும் வேதியியல்

டெல்டாவில் மலை இல்லை, கல் கிடையாது. சிதம்பரம் கோபுரங்களையே பாருங்கள்: அடித்தளம் கருங்கல், மேல் நிலைகள் செங்கல்லும் சுதையும். கருங்கல் தொலைவிலிருந்து வர வேண்டும். அதனால் தரங்கம்பாடியில் கோட்டையும் வீடுகளும் பெரும்பாலும் செங்கல்லால் ஆனவை. குடிசைகளுக்கு நடுவே நின்ற அந்த வீடுகளை நம் மக்கள் கல் வீடு என்றும் காரை வீடு என்றும் அழைத்தார்கள். செங்கல் என்பதே சிவந்த கல்தானே.

காரை என்பது சுண்ணாம்புக் கலவை. கடலோரத்தில் அள்ள அள்ளக் கிடைத்த கிளிஞ்சல்களைச் சூளையில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். மணலோடு அரைத்துக் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்ப்பது கொத்தனார்களின் வழக்கம். சுவரில் பூசியபின் அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. கிளிஞ்சலாக இருந்தது சூளை, தண்ணீர், காற்று மூன்றையும் கடந்து மறுபடி அதே பொருளாகச் சுவரில் நிற்கிறது. பத்தாம் வகுப்பில் சமன்பாடாக எழுதிப்போடுவதை இங்கே கையால் சுட்டிக்காட்டலாம்.

பழைய வீடுகளைக் காப்பதில் நடக்கும் பெரிய தவறும் இங்கேதான் விளங்கும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். கடலோரத் தரையிலிருந்து உப்போடு ஏறும் ஈரம் பூச்சு வழியாக ஆவியாகிப் போகும். வீடு பழுதாகிறது என்று மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். உப்பு படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும். இரண்டு மழைக்காலத்தில் பூச்சு பாளமாகக் கழன்று விழும். நல்லெண்ணத்தோடு செய்த பழுதே வீட்டைக் கொல்கிறது. நம் ஊர்க் கோயில்களிலும் பழைய பள்ளிக் கட்டடங்களிலும் இது நாள்தோறும் நடப்பதைப் பார்க்கிறோம். பழைய காரை வேலை தெரிந்த கொத்தனார் உங்கள் ஊரில் யாராவது இருந்தால் அவரை ஒருநாள் வகுப்புக்கு அழையுங்கள். அவர் பேசும் சொற்களைப் பிள்ளைகள் குறித்து வைக்கட்டும். அகராதியில் தேடிக் கிடைக்காத சொற்கள் வரும்.

எதைக் காப்பது, யார் காப்பது என்ற கேள்வியையும் ஊரே எழுப்பும். டான்ஸ்போர்க் கோட்டை மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. டேனியர் காலத்து வீடுகள் சிலவற்றுக்கு வெளிநாட்டு உதவியும் வந்தது. மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியையோ கடல் ஏற்கனவே கொண்டுபோய்விட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த ஊர் மீனவக் குடும்பங்கள் இழந்தவர்களும் இழந்த வீடுகளும் எந்தக் கண்காட்சிப் பெட்டியிலும் அடங்காதவை. கோட்டை, கோயில், அருங்காட்சியக வீடு, மீனவர் தெரு நான்கையும் நடந்தே பார்க்கலாம். நான்கும் அருகருகே இருக்கின்றன. 'அரசிடம் ஒரு கட்டடத்தைக் காக்கும் அளவுக்கே பணம் இருந்தால் எதைத் தேர்வீர்கள்?' என்று பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து வாதிடச் சொல்லுங்கள். சரியான விடை என்று ஒன்றை ஆசிரியர் கையில் வைத்திருக்க வேண்டாம்.

நடைமுறைக் குறிப்புகள் சில

நாற்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் அந்த வீட்டிற்குள் விட்டால் யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள். பாதிப் பேர் கோட்டையில், பாதிப் பேர் வீட்டில் என்று பிரித்துவிடுங்கள். திறந்திருக்கும் நேரத்தையும் விடுமுறை நாளையும் முன்கூட்டியே விசாரித்து, தலைமையாசிரியரின் கடிதத்தோடு அனுமதி பெறுவது நல்லது. தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இயங்கும் பள்ளியானால் அதன் பெயரிலேயே பயணத்தைத் திட்டமிடலாம். சுவரைச் சுரண்டிப் பார்க்கக் கூடாது என்பதைப் பேருந்திலேயே சொல்லிவிட வேண்டும். சுண்ணாம்புப் பாடத்தைக் கேட்ட பிள்ளைகளின் கை சும்மா இருக்காது. கடல் அங்கே ஆழமானது, இழுவை உண்டு. கடற்கரைக்குப் போனால் கால் நனைக்கவும் விட வேண்டாம்.

அச்சிட்ட வினாத்தாள் கொடுக்காதீர்கள் என்பது என் அனுபவம். தாள் கையில் இருந்தால் பிள்ளைகள் பலகையில் எழுதியிருப்பதைப் பெயர்த்து எழுதிக் கட்டங்களை நிரப்புவதிலேயே நேரத்தைக் கழிக்கிறார்கள். ஆளுக்கொரு வெற்றுத்தாள் போதும். ஒரு பொருளைத் தேர்ந்து வரைந்து, அதைச் செய்தவர் யார், பயன்படுத்தியவர் யார், துடைத்துச் சுத்தம் செய்தவர் யார் என்று மூன்று பேரை ஊகித்து எழுத வேண்டும். மூன்றாவது ஆள்தான் சுவையானவர். அந்த வீட்டில் சமைத்தவர், தண்ணீர் சுமந்தவர், ஓலை வாரியவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை என்பதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிப்பார்கள்.

பள்ளிக்குத் திரும்பிய வாரத்தில் எழுத்துப் பயிற்சிக்கு ஒரு வேலை: அந்த முதிய வாத்தியார் தன் உறவினருக்கு எழுதும் ஓலை. புதிதாக வந்த இரண்டு மாணவர்களைப் பற்றி அவர் என்ன சொல்லியிருப்பார்? எந்த எழுத்தை உச்சரிக்கத் திணறினார்கள்? ழகரமா, றகரமா? எவ்வளவு கூலி பேசினார், ஊரில் என்ன பேச்சு எழுந்தது? எழுத வராத பிள்ளைகள்கூட இதற்கு எழுதுவார்கள். ஆங்கிலம் கற்கத் திணறும் தங்கள் நாவை நினைத்துக்கொண்டே எழுதுவார்கள்.

இரண்டாவது வேலை, சொந்தத் தெருவில். ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வீடு ஒன்றைத் தேர்ந்து, செங்கல்லின் நீளம், அகலம், கனம் மூன்றையும் அளக்க வேண்டும். பழைய நாட்டுச் செங்கல் மெல்லியது. இன்றைய காளவாய்ச் செங்கல் தடிமனானது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் கிளைவ் காலத்தோடு தொடர்புடைய கார்டன் ஹவுஸ் வரை போய்ப் பார்க்க முடியாத பள்ளிகளுக்கும் பக்கத்துத் தெருவில் இடிந்த சுவர் ஒன்று இருக்கும். தரங்கம்பாடியிலிருந்து திரும்பும்போது வழியில் செங்கல் காளவாய் கண்ணில் பட்டால் பேருந்தை ஐந்து நிமிடம் நிறுத்தி, அனுமதி கேட்டு ஒரு செங்கல்லை அளந்துகொள்ளுங்கள். ஒப்பிட ஓர் அளவு கையில் இருந்தால் மறுநாள் வகுப்பு தானாகவே தொடங்கிவிடும்.